கமான் பட்டறையும் நம்ம லேபும்

– இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் கேட்டபோது, "கவிதையா, கட்டுரையா?" என்றேன். "கவிதை போதும் போதும்னு ஆயிடுச்சுடா. பாதி நிலா, பாதி அம்மா. நீ வேற எதையாவது எழுது" என்றான். சரி, நிலாவும் அம்மாவும் இல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அது ஒரு மினி லாரியின் பின்பக்க அடிப்பாகம். (நிலா கடைசியில் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளவும்.)

எங்கள் வீடு புதுப்பட்டினத்தில். கல்பாக்கம் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே இருக்கும் எங்களுக்குத் தெரிந்த பிழைப்பு நாலுதான்: மீன், கல், கான்ட்ராக்ட் வேலை, வண்டி. என் தாய்மாமாவுக்கு வண்டி. உள்பக்கக் குவாரிகளிலிருந்து கருங்கல் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் இறக்குவார். அந்தக் கூடங்களின் உளிச் சத்தத்தைக் கேட்காமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரும் பஸ்ஸில் போயிருக்க முடியாது. 1957-லிருந்து அங்கே அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிலையைப் பார்த்துக் கை கூப்புகிறவர்கள் அந்தக் கல் எந்த வண்டியில் வந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

கல்லிடம் ஒரு சூழ்ச்சி உண்டு. கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். கருங்கல் ஒரு கன அடி சுமார் 76 கிலோ. நாலடி நீளம், மூணடி அகலம், மூணடி உயரம் உள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஹாஸ்டல் டைனிங் டேபிளை விடச் சின்னது. 36 கன அடி, அதாவது 2,700 கிலோவுக்கு மேல். மாமா வண்டி முறையாகத் தாங்க வேண்டியது இரண்டேகால் டன். வண்டித் தொட்டியில் பாதி இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் எந்த டிரைவருக்கும் கை அரிக்கும். "இன்னும் ரெண்டு சின்னக் கல்லு போடுப்பா, காலியா போறதுக்கா டீசல் ஊத்தறேன்?" இது மாமா.

இதனால் அடி வாங்குவது கமான். அதுதான் நம் புத்தகத்தில் வரும் லீஃப் ஸ்பிரிங். பட்டறையில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கமான் என்றால் வில். நம் ஊரில் வில்வண்டி என்று ஒன்று இருந்ததே, அதே வில்தான் லாரிக்கு அடியிலும் இருக்கிறது. வில்வண்டியில் மாட்டின் இழுப்பு மட்டும்தான். லாரியில் அந்த வில்லுக்கு மூன்று வேலை. பாரத்தைத் தாங்க வேண்டும். பின் ஹவுசிங் முன்னே பின்னே நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கிளட்சை விடும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஹவுசிங் உருளப் பார்க்கும், அதையும் அடக்க வேண்டும். நாலு பட்டையை அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட், மேலே யு-போல்ட், முன்னால் ஒரு பின், பின்னால் ஒரு ஷேக்கிள். இவ்வளவு குறைந்த செலவில் மூன்று வேலை செய்யும் வேறு பாகம் வண்டியில் உண்டா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிடையாது.

ஆனால் மூன்று வேலையையும் ஒருவனே செய்தால், முதல் வேலை அதிகமாகும்போது மற்ற இரண்டும் கெடும். மாமா வண்டியில் அதுதான் நடந்தது. யு-போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, ஹவுசிங் ஒரு பக்கம் பின்னால் தள்ளிவிடும். வண்டி நேராகப் போகும், சக்கரம் கோணலாகப் போகும். பின்னால் பைக்கில் வருகிறவன் பார்த்தால் நண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். நாலு மாதத்தில் மூன்று தடவை. டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது.

அப்போதுதான் பட்டறை பாய் ஒரு யோசனை சொன்னார். பாய் முப்பது வருஷமாகக் கமான் வேலை செய்கிறவர். "பஸ்ஸுல பாத்துருக்கியா தம்பி? ஏர் பலூன் போட்ட பஸ்ஸு. அதுல பலூன் வெறும் வெயிட்டத்தான் தாங்கும். ஹவுசிங்கைப் புடிச்சிக்க தனியா ராடு இருக்கும். நாமளும் ரெண்டு ராடு போட்டுட்டா கமானுக்கு ஒரு வேலதான்." சென்னைத் தாழ்தளப் பேருந்தைக் குனிந்து பார்த்தவர்களுக்குப் பாய் சொன்னது புரியும். காற்றுப் பைக்கு முன்னே பின்னே பிடிக்கும் சக்தி இல்லாததால் ஹவுசிங்கை சேஸோடு இணைக்க ராடுகள் கட்டாயம் வேண்டும். நாம் 'லிங்கேஜ்' என்று படிப்பது இதுதான். நாலு ராடு, அல்லது மூன்று ராடும் குறுக்கே ஒன்றும். குறுக்கே ஆட்டம் வராமல் இருக்க வாட் லிங்கேஜ் என்று ஒன்றும் போடுவார்கள். நீராவி எந்திரத்துக்காக ஜேம்ஸ் வாட் 1784-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வழியில் வந்தது அது. படிப்பறிவு இல்லாத ஒருவர் பஸ்ஸுக்கு அடியில் பார்த்தே இந்தத் தத்துவத்தைப் பிடித்துவிட்டாரே என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அதில் மாற்றம் இல்லை.

ராடுக்கு இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். இரு முனையிலும் கண் வைத்து வெல்டிங். ஹவுசிங் அடியில் ஒரு பிராக்கெட், சேஸில் ஒரு பிராக்கெட். கண்ணுக்குள் போகும் புஷ் மட்டும் பாக்கி. "ரப்பர் புஷ் ஆறு மாசத்துல பிஞ்சிடும், கன்மெட்டல்ல போடலாம். டிப்ளமோ படிக்கிறியே, கடைஞ்சி குடேன்" என்றார் பாய். நான் தெரிந்த ஒரு லேத் கடையில் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று நாலு புஷ் கடைந்தேன். லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸ் பாடத்தில் படித்ததை எல்லாம் காட்டினேன். பின்னை உள்ளே விட்டால் மெதுவாக வழுக்கிப் போகும், இம்மியளவு ஆட்டம் கிடையாது. பாய் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, "கம்பெனி சாமான் தோத்துச்சு" என்றார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

பதினோரு நாள் வண்டி அற்புதமாக ஓடியது. கிளட்ச் விட்டால் உதறல் இல்லை, பிரேக் அடித்தால் இழுப்பு இல்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை சதுரங்கப்பட்டினம் ரோட்டில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது இடது பின்சக்கரம் மட்டும் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கியது. ஒரு சாண் பள்ளம்கூட இல்லை. இடது பிராக்கெட் சேஸிலிருந்து பிய்ந்து வந்தது. ஹவுசிங் திரும்பி, ஜாயின்ட் கழன்று, வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. மேலே கல் நகர்ந்தது. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கிளீனர் குதித்திருக்கிறான், ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

அவன் என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். என் வயது. நான் போனபோது செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "உன் புஷ்ஷுக்கு ஒண்ணும் ஆகலடா, நான் பாத்தேன்" என்றான். அது உண்மைதான். நாலு புஷ்ஷும் புதுசு மாதிரியே இருந்தது. அதுதான் கோளாறே!

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த அனுமதி கொடுங்கள். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

ஒரு ராடை ஒரு முனையில் பின் போட்டு நிறுத்தினால் மறுமுனை வட்ட வில்லில் போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். கமானும் அப்படித்தான், ஆனால் அதன் வட்டம் வேறு. முன்பக்கப் பின்னிலிருந்து சென்டர் போல்ட் வரை உள்ள நீளத்தில் சுமார் முக்கால் பங்குதான் அதன் ஆரம் என்று ஸ்பிரிங் டிசைன் புத்தகங்கள் கணக்குச் சொல்கின்றன. மாமா வண்டியில் அந்த நீளம் ஏறக்குறைய 60 செ.மீ., ஆக ஆரம் 45. நாங்கள் போட்ட ராடு 90 செ.மீ. சக்கரம் 10 செ.மீ. இறங்கினால் கமான் ஹவுசிங்கை முன்னால் இழுக்கும் தூரம் 11 மி.மீ. ராடு இழுக்க நினைக்கும் தூரம் ஐந்தரை மி.மீ. மேலே ஒருவன் 11 என்கிறான், கீழே ஒருவன் ஐந்தரை என்கிறான். இருவருக்கும் இடையில் 15 செ.மீ. உயரம். நடுவில் மாட்டிய ஹவுசிங் 2 டிகிரி உருண்டுதான் ஆக வேண்டும். இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கினால் மொத்த ஹவுசிங்கும் சேர்ந்து உருளும், கமான் கொஞ்சம் நெளிந்து விட்டுக்கொடுக்கும். பதினோரு நாள் ஸ்பீட் பிரேக்கரில் எல்லாம் தப்பித்தது அப்படித்தான். இடது மட்டும் இறங்கினால்? இடது முனை உருளப் பார்க்கும், வலது முனை உருள மாட்டேன் என்கும். ஹவுசிங் என்பது முறுக்கிப் பிழிகிற ஈரத்துணி இல்லை.

இத்தோடு இன்னொன்று. ஒரு சக்கரம் 10 செ.மீ. இறங்கினால் ஹவுசிங் சேஸுக்குச் சுமார் 4 டிகிரி சாயும். ராடின் ஒரு முனை ஹவுசிங்கோடு சாயும், மறுமுனை சேஸோடு நிற்கும். அந்த 4 டிகிரியை விழுங்குவதற்குத்தான் கம்பெனிக்காரன் அங்கே ரப்பர் புஷ்ஷோ பந்து மூட்டோ வைக்கிறான். அங்கே நான் இம்மி ஆட்டம் இல்லாத கன்மெட்டல் வைத்தேன். ஆட வேண்டிய இடத்தில் ஆட்டத்தை எடுத்துவிட்டு அதற்குப் பெயர் துல்லியம் என்று நினைத்தேன். ரப்பர் சீக்கிரம் பிய்வது அது அந்த வேலையைச் செய்வதனால்தான் என்பது பாய்க்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிராக்கெட்டும் தப்பான இடத்தில். சேஸ் என்பது 'ப' வடிவச் சட்டம். வளையும்போது அதிக இழுவிசை வருவது மேல் கீழ் விளிம்புகளில். அங்கே துளை போடாதே, வெல்டிங் வைக்காதே, நடுச்சுவரில் போல்ட் போடு என்று லாரி கம்பெனிகள் பாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் எழுதியிருப்பார்கள். நாங்கள் கீழ் விளிம்பில் குறுக்கே வெல்டிங் இழுத்திருந்தோம். பிய்ந்த பிராக்கெட்டோடு விளிம்புத் தகடும் ஒரு விரல் நீளம் கிழிந்து வந்தது.

இரண்டு வட்டத்தையும் டிராயிங் ஷீட்டில் காம்பஸ் வைத்துப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விபத்துக்குப் பிறகு போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம். மெக்கானிசம் பாடத்தில் இதைவிடக் கஷ்டமான நாலு பார் சங்கிலியைப் போட்டு நான் 78 மார்க் வாங்கியிருக்கிறேன். அது மாமாவின் லாரிக்கு அடியில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாய்க்கு ராடு தெரியும், வட்டம் தெரியாது. எனக்கு வட்டம் தெரியும், ராடு தெரியாது. இருவரும் ஒரே வண்டிக்கு அடியில் ஒரு வாரம் படுத்திருந்தோம்.

இதை எங்கள் ஊரில் வைத்து நினைத்தால் இன்னும் உறைக்கும். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அணுமின் நிலையம் தெரியும். அதே வளாகத்தில் வேக ஈனுலைக்காக சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள எஃகுப் பாத்திரத்தை, ரோட்டில் கொண்டுவர முடியாத அளவு என்பதால், அங்கேயே உருவாக்கி 2009-ல் உள்ளே இறக்கினார்கள். அப்படிப்பட்ட பாத்திரத்தின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பிராக்கெட் வெல்டிங்குக்கு நடந்த சோதனை, சுத்தியலால் இரண்டு தட்டு. "நல்லா கணீர்ங்குது" என்றோம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் பாகம் பொருத்தி மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்துக்குப் பிறகுதான் இதை நான் படித்தேன். இன்சூரன்ஸ் பார்க்க வந்தவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த ராடு எங்க வாங்கினது?" மாமா பதில் சொல்லவில்லை.

சட்டம் சரியானது. ரோட்டில் எதிரே வருகிறவன் நம் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டவன் அல்ல. ஆனால் சட்டம் இருப்பதால் பட்டறையில் இந்த வேலை நின்றுவிட்டது என்று நினைத்தால் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம். கூடுதல் பட்டை போடாத கல் லாரி ஒன்றை எனக்குக் காட்டுங்கள். சென்னையின் மீன்பாடி வண்டியை யார் டிசைன் செய்தது? மூன்று சக்கர வண்டியில் பழைய டூவீலர் இன்ஜினைக் கட்டி மார்க்கெட்டில் ஓட்டினார்களே, எந்தக் கல்லூரி லேபில் அது பிறந்தது? எஃப்.சி.க்குப் போகும்போது எதைக் கழற்றி வைக்க வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போனதும் எதை மாட்ட வேண்டும் என்பது பல பட்டறைகளுக்கு மனப்பாடம். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட லாரிக்கு வருஷத்தில் ஒரு நாள் எஃப்.சி. மீதி 364 நாளும் அந்த வண்டி பாய் மாதிரி ஆட்களின் கையில்தான்.

இன்னொரு கட்சியும் உண்டு. "லிங்கேஜ் எல்லாம் எதுக்கு, லோடைக் குறைச்சா போச்சு" என்று எங்கள் வகுப்பு நண்பன் சொன்னான். அவனோடு எனக்குச் சண்டை இல்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினாய்ஸ் மாநிலத்தில் லாரிகளை ஓட்டி ஓட்டி ஒரு சாலைச் சோதனை நடத்தினார்கள். ஆக்சில் பாரத்தின் நாலாம் அடுக்குக்கு ஏற்ப ரோடு கெடுகிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு. 2018-ல் மத்திய அரசு நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அதையே நாலாம் அடுக்கில் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். மாமாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "ரோடு என்னுதா? டிரிப்புக்குத்தான காசு கொடுக்கறான், ஆக்சிலுக்கா கொடுக்கறான்?" என்றார். வாடகை டிரிப் கணக்கில் இருக்கும் வரை என் நண்பனின் அறிவுரை மேடையில் மட்டும் செல்லும். மாமாவும் உத்தமர் அல்ல. அந்த இரண்டு சின்னக் கல்லை ஏற்றாமல் இருந்திருந்தால் ராடும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம். அதை அவரிடமே சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் "ரோட்டோர மெக்கானிக்குக்கு என்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். உடைந்த கமான் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டித் தரச் சொல்லி எத்தனையோ பேர் பாயிடம் வருவார்கள். காசு அதிகம் தருகிறேன் என்பார்கள். அவர் செய்ய மாட்டார். "பட்டையில நெருப்பு பட்ட எடத்துக்குப் பக்கத்துல ஒடையும் தம்பி. எப்ப ஒடையும்னு சொல்லாது" என்பார். ஸ்பிரிங் எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பகுதி இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது என்று நான் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதினேன். பாய் அதை எழுதாமலே தினமும் பாஸ் செய்கிறார், வருமானத்தை விட்டுக்கொடுத்து.

இப்போது நம் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எங்கிருந்து வருகிறது? தெரியாதது மாதிரி நடிக்க வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, சென்னையில் ஒரு கடையில் கொடுத்து, பெயின்ட் அடித்த ஒரு சாமானும் ஸ்பைரல் பைண்டிங் ரிப்போர்ட்டும் வாங்கி வருகிறோம். வைவாவுக்கு முன்னாள் இரவு அது எப்படி ஓடுகிறது என்று கடைக்காரரிடம் போனில் கேட்கிறோம். வைவா முடிந்ததும் அது ஸ்டோர் ரூமில் தூசி தின்கிறது. அங்கே நான் எண்ணியபோது ஆறு சோலார் சைக்கிள் இருந்தது, ஆறுக்கும் ஒரே பச்சை பெயின்ட். அதே சமயம் லேபில் யு.டி.எம். இருக்கிறது, கடினத்தன்மை பார்க்கும் மெஷின் இருக்கிறது, விரிசல் காட்டும் டை பெனட்ரன்ட் டப்பாக்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே மாதிரி கம்பியை இழுத்து உடைத்து, சீனியர் ரெக்கார்டில் உள்ள அதே ரீடிங்கை எழுதுகிறோம்.

மாணவர் சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். வாரம் ஒரு நாள் மதியம் மட்டும் லேபைப் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிட நிர்வாகத்திடம் பேச வேண்டும். பாய் மாதிரி ஒருவர் யு-போல்ட்டையோ ஷேக்கிள் பின்னையோ பழைய பிராக்கெட்டையோ கொண்டு வந்தால், நாம் சிவப்பு மையைத் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி அடித்து விரிசல் இருக்கிறதா என்று காட்டுவோம். ஒரு ராடு போட வேண்டும் என்று யாராவது வந்தால் வட்டம் போட்டுக் காட்டுவோம். "இது ஓடாது" என்று சொல்வதும் ஒரு வேலைதான், பெரும்பாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஃபைனல் இயர் பேட்ச் ஒவ்வொன்றும் ஒரு பட்டறையின் ஒரு தொல்லையை எடுத்து ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டட்டும். பண்ணியது ரோட்டில் ஓடும் வண்டிக்குப் போகக் கூடாது. காலேஜுக்குள் ஒரு பழைய சேஸை நிறுத்தி அதில் மாட்டி, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி இறக்கி, எது முட்டுகிறது எது பிய்கிறது என்று பார்ப்போம். நாங்கள் செய்யத் தவறியது அந்த ஒரு ஜாக்கி சோதனைதான். பாய் பட்டறையில் ஜாக்கி மூன்று இருந்தது.

நம் துறையில் ஓர் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ பார்த்துக் கொடுத்த போல்ட் நாளைக்கு உடைஞ்சா யார் பொறுப்பு? யார் கையெழுத்துப் போடுவாங்க?" என்றார். நியாயமான கேள்வி, எனக்கு முழுப் பதில் இல்லை. சர்டிபிகேட் கொடுக்க வேண்டாம், சீல் வைக்க வேண்டாம், விரிசல் தெரிந்தால் அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது என் பாதிப் பதில். மீதிப் பாதி, இப்போதும் யாரோ ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். இங்கே அது கிளீனர்.

சொன்னபடி நிலாவுக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கி, பிரக்யான் ஊர்தி வெளியே உருண்டதை ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்தோமே, விசில் அடித்தோமே! அந்த ஆறு சக்கரத்தையும் தரையோடு வைத்திருந்தது ஸ்பிரிங் இல்லாத ஒரு லிங்கேஜ். ராக்கர்-போகி என்று பெயர். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் கைகள் சாய்ந்து கொடுத்து மற்ற சக்கரங்கள் தரையை விடாமல் பார்த்துக்கொள்ளும். ஆட வேண்டிய மூட்டுகள் ஆடும், ஆடக் கூடாதவை ஆடாது. அதை எங்கே ஓட்டிப் பார்த்தார்கள் தெரியுமா? நிலாவின் மேட்டு நில மண்ணோடு ஒத்துப்போகும் பாறை நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதை அள்ளிக்கொண்டு போய்ப் பொடியாக்கிச் செயற்கை நிலாத்தரை அமைத்து இஸ்ரோ சோதனை செய்தது. லாரிக்குப் பெயர் போன நாமக்கல்! 26 கிலோ வண்டிக்கு அவ்வளவு ஒத்திகை. மூன்று டன் கல்லுக்கு நாங்கள் ஒரு தடவைகூட ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை.

கிளீனர் நண்பன் இப்போது நடக்கிறான். வலது கால் கொஞ்சம் இழுக்கும். வண்டி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான், புதுப்பட்டினத்தில் ஒரு மொபைல் கடையில் உட்கார்ந்திருக்கிறான். மாமா ராடை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கமான் கட்டு வாங்கிப் போட்டு, பாதி லோடு ஏற்றுகிறார். இது எத்தனை மாதம் என்று தெரியாது. பாய் அந்த நாலு புஷ்ஷையும் கல்லாப் பெட்டி மேல் வரிசையாக வைத்திருக்கிறார். எடுத்துவிடச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.

சங்கப் பொதுக்குழுவில் வைப்பதற்காக லேப் திறக்கும் கோரிக்கையை ஒரு தாளில் எழுதி கேண்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். கீழே பேனாவும் கட்டியிருக்கிறேன் (பேனா இரண்டு தடவை காணாமல் போய்விட்டது). இதுவரை பதினேழு கையெழுத்து. பதினேழாவது பாய் போட்டது, போன வாரம் என்னைத் தேடி வந்தபோது. மாணவர் இல்லாதவர் கையெழுத்து செல்லாது, அடித்துவிடு என்கிறார் சங்கச் செயலாளர். நான் அடிக்கவில்லை.